குசினியில் இருப்பதைக் கொண்டு ஒரு கோப்பை றாமென்

சுவிஸில் ஞாயிற்றுக்கிழமை கடை இல்லை. தொடருந்து நிலையத்தில் இருக்கும் கடைகளும் எரிபொருள் நிலையங்களை ஒட்டிய சிறுகடைகளும் தவிர மற்றவை பெரும்பாலும் சனிக்கிழமை பின்னேரமே பூட்டிவிடும். உணவகத்தில் வேலை செய்யும் பெற்றோருக்கு ஞாயிறும் வேலைநாள்தான். பிள்ளைகள் வீட்டில். குளிர்சாதனப் பெட்டியில் அரைவாசி லீக்ஸ், இரண்டு கரட், நாலு முட்டை, நேற்றைய கோழிக்கறியில் மிச்சம் கொஞ்சம். இப்படியான மாலைகளில்தான் எங்கள் வீடுகளுக்குள் பை நூடில்ஸ் வந்து குடியேறியது. வெந்நீர் ஊற்றினால் மூன்று நிமிடம், கழுவ ஒரே ஒரு கோப்பை.

அதைக் குறை சொல்வதற்காக இக்கட்டுரை எழுதப்படவில்லை. அதே மாலையில், அதே பொருட்களோடு, அந்தப் பையிலும் நல்ல ஒரு கோப்பையை எப்படி ஆக்கலாம் என்பதும், எங்கள் குசினிகளில் ஏற்கெனவே இருக்கும் எந்தெந்தப் பொருட்கள் யப்பானியர் தேடும் சுவையைத் தரும் என்பதும்தான் இங்கு பேசப்படுகிறது. இன்னொரு காரணமும் உண்டு. ஒரு வீட்டில் இரத்த அழுத்தம் உள்ள தாத்தா, சர்க்கரை வருத்தம் உள்ள அம்மம்மா, உறைப்புக்கு அலையும் பதினாறு வயதுப் பிள்ளை, உறைப்பே தொடாத சின்னவள் என்று நாலு பேருக்கு நாலு சட்டி வைக்கும் நிலை பல குடும்பங்களில் வந்துவிட்டது. ஒரே சட்டியில் வைத்து நாலு விதமாகப் பரிமாறக்கூடிய சாப்பாடுகள் மிகக் குறைவு. றாமென் அவற்றில் ஒன்று.

இடம்பெயர்ந்தவர்களின் சாப்பாடு

றாமென் யப்பானிய உணவாக இன்று உலகம் முழுவதும் அறியப்பட்டாலும் அதன் வேர் சீனக் குடியேறிகளிடம் இருக்கிறது. யொக்கோகாமா போன்ற துறைமுக நகரங்களில் குடியேறிய சீனர்கள் விற்ற கோதுமை நூடில்ஸ்தான் தொடக்கம். 1910இல் தோக்கியோவின் அசாக்குசா பகுதியில் றைறைக்கென் என்ற கடை திறக்கப்பட்டது. முதலாளி யப்பானியர், சமைத்தவர்கள் யொக்கோகாமாவின் சீனர் குடியிருப்பில் இருந்து கூட்டிவரப்பட்டவர்கள். றாமென் பரவலானதற்கு அந்தக் கடை ஒரு முக்கிய படி என்று சொல்லப்படுகிறது.

இரண்டாம் உலகப்போருக்குப் பின் யப்பானில் அரிசித் தட்டுப்பாடு கடுமையாக இருந்தது. அமெரிக்காவில் இருந்து வந்த கோதுமைமாவும், வேலை இழந்தவர்களும் போர்முனைகளில் இருந்து திரும்பியவர்களும் தெருவோரங்களில் போட்ட தள்ளுவண்டிகளும் சேர்ந்துதான் றாமெனை ஏழைகளின் சாப்பாடாக ஆக்கின. ஒசாக்காவில் அந்தத் தள்ளுவண்டிகளின் முன் நீண்ட வரிசையில் ஆட்கள் குளிரில் நின்றதைக் கண்டவர் மொமொபுக்கு அன்டோ. தாய்வானில் பிறந்தவர். தொழில்கள் நொடித்துப்போன பிறகு, வீட்டின் பின்புறம் ஒரு கொட்டிலில் இருந்து நூடில்ஸை எண்ணெயில் பொரித்து உலர்த்தும் முறையைக் கண்டுபிடித்தார். 1958 ஓகஸ்ட் 25ஆம் திகதி முதல் பை நூடில்ஸ் விற்பனைக்கு வந்தபோது அவருக்கு வயது 48. கோப்பை நூடில்ஸ் 1971இல் வந்தது.

இந்தக் கதையின் மறுபாதி சுவிஸில் நடந்தது. 1846இல் துர்காவ் மாநிலத்தின் பிறவுன்பெல்ட் நகரில் பிறந்த யூலியுஸ் மாகி, சூரிச் மாநிலத்தின் கெம்ப்ராலில் மாவரைக்கும் ஆலை வைத்திருந்தார். அக்காலத்தில் சுவிஸ் தொழிற்சாலைகளில் பெண்கள் நாள் முழுவதும் வேலை செய்தார்கள். வீட்டில் சமைக்க நேரம் இல்லை. குடும்பங்கள் போசாக்கில்லாமல் வாடின. தொழிற்சாலைப் பரிசோதகராகவும் மருத்துவராகவும் இருந்த பிறிடோலின் சூலர் இதற்கு வழி தேடினார். அவரின் தூண்டுதலில் மாகி முதலில் பயறு, கடலை வகை மாக்களையும் 1886இல் உடனடி சூப்பையும், இன்றைக்கும் எல்லா சுவிஸ் மேசைகளிலும் நிற்கும் அந்தக் கபில நிறப் போத்தல் சாறையும் கொண்டுவந்தார். வேலைக்குப் போகும் தாய்க்கு நேரம் இல்லை என்ற அதே சிக்கல்தான். நூறு வருடத்துக்குப் பிறகு அதே நாட்டில் எங்கள் தாய்மாருக்கும் அதுவே வந்தது. மாகி நிறுவனம் 1947இல் நெஸ்லேயுடன் இணைந்தது. சூரிச்சில் இருந்து வின்ரர்தூருக்குக் கெம்ப்ரால் வழியாகப் போகும் தொடருந்தில் இருந்தால் பழைய ஆலைக் கட்டடங்களைக் காணலாம்.

மாசி என்னும் புதையல்

1908இல் தோக்கியோ பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் கிக்குனாயே இக்கேடா, கடற்பாசி அவித்த நீருக்கு ஏன் அப்படி ஒரு ருசி என்று ஆராய்ந்து குளுற்றமேற் என்ற பொருளைப் பிரித்தெடுத்தார். இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்புக்கு வெளியே இருக்கும் அந்தச் சுவைக்கு உமாமி என்று பெயர் வைத்தார். 1913இல் அவரின் மாணவர் கொடாமா, உலர்ந்த சூரை மீனில் இருந்து இன்னொரு பொருளைக் கண்டார். அது இனோசினேற். இவை இரண்டும் தனித்தனியே இருப்பதை விட ஒன்றாகச் சேரும்போது சுவை பலமடங்கு கூடும். யப்பானியக் குழம்புநீரான டாசியின் இரகசியம் முழுவதும் இதுதான்: கடற்பாசியில் இருந்து ஒன்று, மீனில் இருந்து மற்றது.

அந்த மீன் எது? கற்சுவோபுசி என்று அவர்கள் சொல்வது அவித்து, புகையூட்டி, உலர்த்தி, பின் பூஞ்சணம் பிடிக்கவிட்டுப் பதப்படுத்திய சூரை. எங்கள் மாசிக் கருவாடு அவித்து, புகையூட்டி, வெயிலில் காயவிட்ட அதே சூரை. பூஞ்சணக் கட்டம் மட்டும்தான் மாலைதீவு மாசியில் இல்லை. சம்பலுக்கு இடித்துப் போடும் அந்தக் கட்டையான துண்டை ஆசியக் கடையில் சிறு பையில் விற்கும் மெல்லிய யப்பானிய மீன் சீவலின் ஒன்றுவிட்ட சகோதரம் என்றே சொல்லலாம். சூரிச்சிலோ பேர்ணிலோ லவுசானிலோ தமிழ்க்கடையில் மாசி கிடைக்கும். பலரின் அலுமாரியில் ஒரு போத்தலில் ஏற்கெனவே இருக்கும்.

யப்பானியச் சீவல் கடதாசியை விட மெல்லியது, சுடுநீரில் ஒரு நிமிடம் போதும். மாசி அப்படியல்ல. 20 கிராம் மாசியை உரலில் கரடுமுரடாக இடித்து, ஒரு லீற்றர் நீரில் போட்டு, கொதிக்கவிடாமல் மெல்லிய சூட்டில் 15 முதல் 20 நிமிடம் வைத்து வடிக்க வேண்டும். மாவாக அரைத்தால் நீர் கலங்கி, கருவாட்டு மணம் முன்னுக்கு வந்துவிடும். வடித்த மாசியை எறிய வேண்டாம். அடுத்த நாள் வெண்காயம், செத்தல் மிளகாயோடு வதக்கினால் சம்பலுக்கு ஆகும்.

நெத்தலிக் கருவாடும் உதவும். யப்பானியரும் சின்ன மீன்களை அவித்துக் காயவைத்துக் குழம்புநீர் எடுப்பார்கள். எங்கள் நெத்தலியில் உப்பு அதிகம் என்பதால் முதலில் இரண்டு முறை கழுவி, தலையையும் குடலையும் கிள்ளிவிட்டு, எண்ணெய் இல்லாத சட்டியில் லேசாக வறுத்துப் போடுங்கள். குடலை விட்டால் கசக்கும்.

குளுற்றமேற்றுக்குக் கடற்பாசி தேவையில்லை. தக்காளி, வெண்காயம், காளான், சோயா சாறு, நன்கு முற்றிய சீஸ் எல்லாவற்றிலும் அது உண்டு. சுவிஸின் ஸ்பிறின்ஸ் சீஸையோ பார்மெசானையோ முடித்தபின் மிஞ்சும் கடினமான தோல்பகுதியைச் சுரண்டிச் சுத்தம் செய்து சூப்புக்குள் அரை மணிநேரம் போட்டுப் பாருங்கள். மாகி சாறும் தயாரிப்பில் சோயா சாறின் உறவுதான், இரண்டும் தாவரப் புரதத்தை உடைத்துப் பெறப்படுபவை. சோயா இல்லாத ஞாயிறுகளில் மாகியைப் பாதி அளவில் விடலாம். செனோவிஸ் என்று பாணில் பூசும் ஈஸ்ற் பசையும் (1931இல் இருந்து சுவிஸில் இருக்கிறது) ஒரு தேக்கரண்டி கரைத்தால் மிசோவின் இடத்தை ஓரளவு நிரப்பும். அறோமாற் தூளை நான் சேர்ப்பதில்லை. அதில் உப்பு முந்திக்கொள்கிறது.

உப்பு சட்டியில் அல்ல, கோப்பையில்

எங்கள் கூழை நினைத்துப் பாருங்கள். ஒடியல்மா, மீன், நண்டு, இறால், பயற்றங்காய், பலாக்கொட்டை, புளி, உப்பு, உறைப்பு எல்லாம் ஒரே பானையில் ஒன்றாகி, பிரிக்கவே முடியாதபடி தடித்து வரும். அது கூழின் அழகு. றாமென் இதற்கு நேர்மாறு. அதில் ஐந்து பகுதிகள் கடைசி நிமிடம் வரை தனித்தனியே நிற்கின்றன: உப்பில்லாத எலும்பு இரசம், கோப்பையின் அடியில் விடும் உப்புச் சாறு, நூடில்ஸ், மேலே வைக்கும் மரக்கறியும் முட்டையும், இறுதியில் ஊற்றும் வாசனை எண்ணெய். உப்புச் சாறை யப்பானியர் தாறெ என்பார்கள். வாசனை எண்ணெய் வேறொன்றுமில்லை, எங்கள் தாளிதம்தான்.

இந்த அமைப்பை விளங்கிக்கொண்டால் போதும், செய்முறைகளை மனப்பாடம் செய்யத் தேவையில்லை. உலக சுகாதார நிறுவனம் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பே போதும் என்கிறது. ஒரு பை நூடில்ஸை அதன் தூள் முழுவதோடும் குடித்தால் பல வகைகளில் 4 கிராமுக்கு மேல் உப்பு அந்த ஒரு கோப்பையிலேயே போய்விடும். ஆனால் சட்டியில் இருக்கும் இரசத்தில் உப்பே இல்லை என்றால், யாருக்கு எவ்வளவு என்பதைக் கோப்பைக்குக் கோப்பை தீர்மானிக்கலாம். ஒரு மேசைக்கரண்டி சோயா சாறில் ஏறக்குறைய 2 கிராமுக்குச் சற்று மேல் உப்பு இருக்கிறது. பதினாறு வயதுக்காரனுக்கு ஒன்றரை மேசைக்கரண்டி விடுங்கள். தாத்தாவின் கோப்பைக்கு ஒரு தேக்கரண்டி மட்டும். அதற்குப் பதிலாக மாசி நீரை அதிகமாகவும், தேசிக்காய்ப் புளி சில துளியும், நசுக்கிய மிளகும் சேருங்கள். புளியும் உமாமியும் இருக்கும் இடத்தில் நாக்கு உப்பை அவ்வளவு தேடாது. தாத்தாவும் பேரனும் ஒரே சாப்பாட்டை ஒரே மேசையில் சாப்பிடுகிறார்கள். தனக்கு மட்டும் வருத்தக்காரச் சாப்பாடு என்று அவர் முகம் சுழிக்க இடமில்லை.

ஆகவே இரசச் சட்டிக்குள் சூப் கட்டியைப் போட வேண்டாம். அந்தக் கட்டிகளின் எடையில் பாதிக்குக் கிட்ட உப்புத்தான்.

இரசம் வைப்பது

சுவிஸ் கடைகளில் சுப்பன்ஹூன் என்று எழுதிய கோழி, பெரும்பாலும் உறைநிலையில், மலிவாகக் கிடைக்கும். முட்டையிட்டு ஓய்ந்த கோழி. பொரிப்பதற்கும் கறிக்கும் இறைச்சி கடினம் என்று எங்கள் ஆட்கள் திரும்பிப் பார்ப்பதில்லை. ஆனால் ஊர்க்கோழி இரசத்தின் மணத்துக்குக் கிட்ட வருவது இந்தக் கோழிதான். வயது போன கோழியின் மூட்டுகளிலும் தோலிலும் இருக்கும் கொலாஜன் மெல்லிய சூட்டில் நீண்ட நேரம் கிடந்தால் ஜெலற்றினாகக் கரைந்து இரசத்துக்கு உடம்பு கொடுக்கும். குளிரவிட்டால் கட்டியாகி ஆடினால் சரியாக வந்திருக்கிறது.

ஒரு கோழிக்கு மூன்று லீற்றர் பச்சைத் தண்ணீர். முதலில் கோழியைத் தனி நீரில் ஐந்து நிமிடம் கொதிக்கவிட்டு அந்த நீரை ஊற்றிவிட்டுக் கழுவினால் அழுக்கும் நுரையும் போய்விடும். பிறகு புதிய நீரில், ஒரு வெண்காயம், இஞ்சித் துண்டு, ஐந்தாறு பல் உள்ளி, லீக்ஸின் பச்சை நுனி போட்டு, மேற்பரப்பில் ஒன்றிரண்டு குமிழி மட்டும் வரும் சூட்டில் இரண்டரை முதல் மூன்று மணிநேரம். கொதித்துத் துள்ளவிட்டால் கொழுப்பு கலந்து வெண்மையாகக் கலங்கும். அதுவும் பிழையல்ல, பன்றி எலும்பில் வைக்கும் தொங்கொற்சு வகையை வேண்டுமென்றே அப்படித்தான் காய்ச்சுவார்கள். ஆனால் தெளிந்த இரசம் வயிற்றுக்கு இதம். ஏறக்குறைய இரண்டு லீற்றர் கிடைக்கும், ஆளுக்கு 350 மில்லிலீற்றர் கணக்கில் ஐந்து கோப்பைக்கு மேல்.

கோழி முழுதாக இல்லையா? சனிக்கிழமை வாங்கிய சுட்ட கோழியின் எலும்புகளை எறியாமல் வைத்திருந்தால் அமுக்க அடுப்புச் சட்டியில் 45 நிமிடம் போதும். எண்பதுகளில் தனியாக வந்து சேர்ந்த இளைஞர்களில் பலர் உணவகக் குசினிகளில் பாத்திரம் கழுவித் தொடங்கி, மரக்கறி வெட்டி, பின் சமையற்காரராகவே ஆனவர்கள். எலும்பும் கரட் தோலும் லீக்ஸ் நுனியும் பெரிய சட்டியில் நாள் முழுவதும் கிடப்பதை அவர்கள் ஒவ்வொரு நாளும் பார்த்தார்கள். இன்றைக்கு ஓய்வூதிய வயதை எட்டிக்கொண்டிருக்கும் அப்பாக்களிடம் கேளுங்கள். இரசம் வைக்கும் கை அவர்களிடம் இருக்கும், வீட்டில் அதற்கு வேலை கொடுக்கப்படாமல்.

வெள்ளிக்கிழமைக்கும் விரத நாட்களுக்கும் மரக்கறி இரசம். உலர்ந்த சிறாக்கே காளானோ, இங்குள்ள ஸ்ரைன்பில்ஸ் காளானோ 20 கிராமைக் குளிர்நீரில் ஓரிரவு ஊறவிட்டு அந்த நீரையே அடிப்படையாக எடுங்கள். வெண்காயத்தைப் பாதியாக வெட்டி, வெட்டிய பக்கம் கருகும்வரை வெறும் சட்டியில் சுட்டுப் போட்டால் நிறமும் ஆழமும் வரும். செலறிக் கிழங்கு ஒரு துண்டு, கரட், தக்காளி ஒன்று. 40 நிமிடம் போதும், அதற்கு மேல் கோவா வகைகள் மணக்கத் தொடங்கும். கடும் விரதக்காரர் சீஸ் தோலை விட்டுவிடுங்கள். ஸ்பிறின்ஸும் பார்மெசானும் கன்றின் இரைப்பையில் இருந்து எடுக்கும் நொதியத்தால் உறையவைக்கப்படுபவை.

ஸ்பகெற்றியில் இருந்து றாமென் நூடில்ஸ்

றாமென் நூடில்ஸின் மஞ்சள் சாயலும், கடிக்கும்போது எதிர்த்து நிற்கும் தன்மையும் முட்டையால் வருவதல்ல. மாவில் சேர்க்கும் காரப் பொருளால் வருவது. அதை வீட்டில் நிறைவேற்ற அப்பச்சோடா இருக்கிறது. ஒரு லீற்றர் கொதிநீருக்கு ஒரு மேசைக்கரண்டி அப்பச்சோடா போட்டு, கிடைக்கும் மிக மெல்லிய ஸ்பகெற்றியை அதில் அவியுங்கள். சோடா போட்டவுடன் நுரை பொங்கும், பெரிய சட்டியே வேண்டும். பையில் எழுதியிருப்பதை விட ஒரு நிமிடம் முந்தி எடுத்து, சுடுநீரில் ஒருமுறை அலசி வடியுங்கள். அலசாவிட்டால் சவர்க்காரச் சுவை தட்டும். இந்த நீரில் உப்புப் போட வேண்டாம், சோடாவிலேயே சோடியம் இருக்கிறது. தாத்தாவின் கோப்பைக்குச் சோடா இல்லாமல் தனியே அவிப்பது மேல்.

கையால் செய்ய விரும்புவோர் அப்பச்சோடாவைத் தட்டில் பரப்பி வெதுப்பியில் 120 பாகையில் ஒரு மணிநேரம் வைத்தால் அது இன்னும் வலுவான சோடியம் காபனேற்றாக மாறும். கையால் தொடாமல் போத்தலில் அடையுங்கள். 200 கிராம் வெள்ளைக் கோதுமைமாவுக்கு அதில் 2 கிராம், உப்பு 2 கிராம், நீர் 85 மில்லிலீற்றர். மா கல்லுப் போல இருக்கும். பையில் போட்டு ஒரு மணிநேரம் ஊறவிட்டால் இணங்கும். பாஸ்ரா இழுக்கும் பொறி பழைய பொருட்கள் விற்கும் புறொக்கிக் கடைகளில் சில பிராங்குகளுக்குக் கிடைக்கிறது. சுவிஸ்காரர் ஒருமுறை பாவித்துவிட்டுக் கொடுத்துவிடுகிறார்கள் போலும்.

இதெல்லாம் எதற்கு, இடியப்பம் இருக்கிறதே என்று ஒருவர் கேட்டால் நான் அவர் பக்கம்தான். இடியப்பமும் சொதியும் என்பது எங்கள் ஊரின் நூடில்ஸ் சூப் அல்லாமல் வேறென்ன? அரிசிமா இடியப்பம் சுடு இரசத்தில் இரண்டு நிமிடத்தில் கரையத் தொடங்கும், ஆகவே மேசையில் வைத்து ஊற்ற வேண்டும். அவித்த கோதுமைமாவில் பிழிந்தது கொஞ்சம் தாக்குப்பிடிக்கும்.

சொதி றாமென் இப்படி. ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் வெண்காயம், இரண்டு பச்சை மிளகாய், கால் தேக்கரண்டி வெந்தயம், கறிவேப்பிலை. மஞ்சள் அரைத் தேக்கரண்டி. ஒரு லீற்றர் கோழி இரசம் அல்லது மாசி நீர். கொதித்தபின் அடுப்பைக் குறைத்து 200 மில்லிலீற்றர் தேங்காய்ப்பால், அதன் பிறகு கொதிக்கவிடக் கூடாது. இறக்கிய பின்தான் தேசிக்காய். நூடில்ஸின் மேல் ஊற்றி, அவித்த முட்டையும் கொஞ்சம் கீரையும். தாய்லாந்தின் வடக்கிலும் பர்மாவிலும் தேங்காய்ப்பாலில் நூடில்ஸ் செய்கிறார்கள். யப்பானின் வட தீவில் முறோறான் என்ற நகரம் கறி றாமெனுக்கே பெயர் போனது. யாழ்ப்பாணக் கறித்தூளைப் போட்டால் யாரும் கோபிக்கப் போவதில்லை. அரைத் தேக்கரண்டிக்கு மேல் வேண்டாம், எண்ணெயில் மெல்லிய சூட்டில் கிண்டிய பின் சேர்க்க வேண்டும்.

மேலே வைப்பவை

முட்டை: குளிரில் இருந்து எடுத்ததைக் கொதிநீரில் ஏழு நிமிடம், உடனே பனிக்கட்டி நீரில். கரு தேன் போல இருக்கும். தோல் நீக்கி, ஒரு பங்கு சோயா சாறும் இரண்டு பங்கு நீரும் கலந்ததில் சில மணிநேரம் கிடக்கவிட்டால் கபில நிறம் பிடிக்கும். கர்ப்பிணிகளுக்கும் வயோதிபருக்கும் பத்து நிமிடம் முழுதாக அவித்துக் கொடுங்கள்.

குளிர்காலத்தில் சுவிஸில் மலிவாகக் கிடைப்பவையே இதற்குப் பொருத்தம். சீனக் கோவா, லீக்ஸ், உறைந்த கீரை (பாலாடை சேர்த்த வகையல்ல). பயறு ஊறவைத்து ஈரத்துணியில் கட்டினால் நாலைந்து நாளில் முளை. மிச்சக் கோழிக்கறியின் இறைச்சியைப் பிய்த்துப் போடலாம், பிரட்டலின் எண்ணெய் இரண்டு கரண்டி அதுவே தாளிதம். இல்லையென்றால் இரசத்தின் மேல் மிதந்த கோழிக் கொழுப்பை எடுத்து, அதில் உள்ளிச் சீவல்களைப் பொன்னிறத்தில் பொரித்துச் செத்தல் மிளகாய் கிள்ளிப் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். கடுகு மட்டும் வேண்டாம், அது முழுச் சுவையையும் தன் பக்கம் இழுத்துவிடும். பொரித்த மோர்மிளகாய் ஒன்றை ஓரத்தில் வைத்தால் யப்பானியருக்குக் கிடைக்காத ஒன்று எங்களுக்குக் கிடைக்கிறது.

பரிமாறும் ஒழுங்கு முக்கியம். கோப்பையில் கொதிநீர் ஊற்றிச் சூடாக்கிக் கொட்டுங்கள். அதன்பின் உப்புச் சாறு, அதன்மேல் கொதிக்கும் இரசம், நூடில்ஸ், மரக்கறி, முட்டை, கடைசியாக எண்ணெய். சர்க்கரை வருத்தக்காரருக்கு நூடில்ஸை உலர்நிலையில் 50 கிராமாகக் குறைத்து மரக்கறியை இரட்டிப்பாக்கலாம். அவரும் வெறும் இரசம் குடிக்கிறேன் என்று ஒதுங்க வேண்டியதில்லை.

பைதான் இருக்கிறது என்றால்

பையோடும் நல்லது செய்யலாம். நூடில்ஸைத் தனிநீரில் அவித்து அந்த நீரை ஊற்றிவிடுங்கள். பொரித்த வகையில் 100 கிராமுக்கு 15 முதல் 20 கிராம் வரை கொழுப்பு இருக்கிறது, அதில் கொஞ்சம் நீரோடு போகும். தூளில் மூன்றில் ஒரு பங்கை மட்டும் எடுத்து, மீதிச் சுவையை மாசி நீரோ எலும்பு இரசமோ தரட்டும். ஒரு முட்டை, ஒரு கைப்பிடி கீரை. இவ்வளவையும் பன்னிரண்டு வயதுப் பிள்ளை தானே செய்யலாம். பின்னேர வேலைக்குப் போகும் தாய் முதல்நாள் இரசத்தை வடித்துக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துவிட்டால் பிள்ளைக்கு எஞ்சுவது பத்து நிமிட வேலை.

பின்புற எழுத்துகளை வாசிக்கப் பழகுங்கள். உப்பு என்பது சால்ஸ், செல், சாலே என்று மூன்று மொழிகளிலும் இருக்கும். எண்ணிக்கை 100 கிராமுக்கா, ஒரு பைக்கா, நீர் ஊற்றித் தயாரித்த அளவுக்கா என்று பாருங்கள். தயாரித்த அளவுக்கு என்றால் எண் சின்னதாகத் தெரியும். மாட்டிறைச்சி தவிர்ப்பவர்கள் ஜேர்மனில் றின்ட், பிரெஞ்சில் பெஃப், இத்தாலியில் மான்சோ என்ற சொற்களைத் தேட வேண்டும். பன்றிக்கு ஷ்வைன், போர், மயாலே. மரக்கறிப் படம் போட்ட பையின் தூளிலும் இவை ஒளிந்திருப்பதுண்டு.

உறைப்புப் போட்டி வேறு நடக்கிறது. கொரியாவின் சம்யாங் நிறுவனத்தின் புல்டாக் வகை நூடில்ஸ்களில் மூன்றை, அதிகமான கப்சைசின் இருப்பதாகக் கூறி 2024 யூனில் டென்மார்க் அரசு திரும்பப் பெறச் சொன்னது. அடுத்த மாதம் இரண்டை மீண்டும் விற்க அனுமதித்தது. உறைப்பில் பிறந்து வளர்ந்த பிள்ளைகள் என்று நாங்கள் பெருமைப்பட்டாலும், சின்னப் பிள்ளைகளை அந்தப் போட்டிக்கு விடாதீர்கள். வாயெரிந்தால் தண்ணீர் உதவாது, பால் உதவும்.

மிஞ்சிய இரசத்தை அப்படியே சுடச்சுடக் குளிர்சாதனப் பெட்டிக்குள் வைக்கக் கூடாது. சட்டியைக் குளிர்நீர் நிரப்பிய கழுவுதொட்டியில் வைத்துக் கிண்டி ஆறவிடுங்கள். சனவரி மாத பல்கணி இரவில் நல்ல குளிர்சாதனப் பெட்டிதான், ஆனால் காலை வெயில் படும் பக்கமென்றால் நம்ப வேண்டாம். குளிரில் மூன்று நாள், உறைநிலையில் மூன்று மாதம். கட்டி அச்சுகளில் ஊற்றி உறையவைத்தால் ஒரு கோப்பைக்கு எட்டுப் பத்துக் கட்டிகள் எடுத்துக்கொள்ளலாம். தடிமன் பிடித்துக் கிடக்கும் பிள்ளைக்கு நடு இரவில் மல்லித்தண்ணியோடு கொடுக்கவும் அவை ஆகும். பையின் மேல் திகதி எழுதி வையுங்கள்.